பிழையும் பிள்ளையும்

பிழையின்றி எழுதுதல் கற்றோர்க்கு அணி என்பதனை மறுப்பார் ஒருவருமிலர். தமிழையே சிறப்புப் பாடமாக எடுத்துக் கற்கும் யாம் அதனை மறுப்பது எங்ஙனம்? 'அரிசி' என எழுதவேண்டிய இடத்தில் 'அறிசி' என எழுதியிருக்கக் காணின் எம் கண் உறுத்துகின்றது. ஆயினும், பிழையை வெறுக்கத் தொடங்கிய நாம் நாளடைவில் பிழை செய்யும் பிள்ளையையும் வெறுக்கத் தலைப்படுகின்றோம். பிழை வேறு, பிள்ளை வேறு என்பதனை எடுத்துக்காட்டுதலும், பிழை நீங்குதற்கு வீட்டிலே செய்யத்தக்கது யாதென ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கமாம்.

பிள்ளைகளுள் சிலர் கேட்டதை மறவார். கதை சொல்வதில் வல்லவர். கணக்கிலும் கைத்தொழிலிலும் கூர்மையுடையர். ஆனால் ஏட்டைக் கையிற் கொடுத்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவர். எழுதச் சொன்னால் ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவர். இவ்விடர்ப்பாட்டிற்கு மருத்துவ நூலார் வழங்கும் பெயர் டிஸ்லெக்ஸியா என்பது. இது கண்ணின் குறையன்று. ஆகவே மூக்குக்கண்ணாடி இதனைத் தீர்க்காது. அறிவின் குறையுமன்று; சோம்பலுமன்று. ஒரு சொல்லிலுள்ள ஒலிகளைத் தனித்தனியே பிரித்துணர்ந்து, அவ்வொலிகளை எழுத்துகளோடு விரைவாகப் பொருத்தும் ஆற்றலில் பிறவியிலேயே அமைந்ததொரு தடையே இதன் வேர் என இன்றைய ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் கருதுகின்றனர். குடும்பத்தில் வழிவழியாக வருதலும் உண்டு. மருந்தால் மாறுவதன்று, ஒழுங்காக, படிப்படியாக, பொறுமையோடு கற்பித்தலால் பெரிதும் குறைவது.

ஆங்கில நாட்டு மருத்துவர் பிரிங்கிள் மார்கன் என்பார் 1896ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பல ஆண்டுகள் பள்ளியிற் பயின்றும், தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான் அச்சிறுவன். ஆனால் எண்களைப் படிப்பதிலும் பெருக்கல் செய்வதிலும் அவனுக்கு இடர் இருந்ததில்லை. பாடங்கள் யாவும் வாய்மொழியாகவே கற்பிக்கப்படின் இவனே பள்ளியின் தலைமாணவனாக விளங்குவான் என்று அவனுடைய ஆசிரியர் கூறியதாக அம்மருத்துவர் குறித்துள்ளார். நூற்றாண்டுக்கும் மேல் கடந்துவிட்டது. அவ்வாசிரியர் அன்று கண்டுகொண்டதனை இன்றும் நம் வீடுகளிற் பல கண்டுகொள்ளவில்லை.

காணாமைக்குக் காரணம் யாது? நம்மவர் கையிலுள்ள மருந்து ஒன்றே ஒன்று. அது 'ஐம்பது முறை எழுது' என்பது. எம் இல்லத்தில் பத்து வயதுத் தம்பி ஒருவன் உளன். அவன் 'வண்டு' என்பதனை 'வன்டு' என எழுதினான் என்பதற்காகப் பள்ளியில் அச்சொல்லை ஐம்பது முறை எழுதி வருமாறு பணிக்கப்பட்டான். அவன் எழுதிய தாளை யாம் உற்று நோக்கினோம். முதல் எட்டு வரிகள் செவ்வையாக இருந்தன. ஒன்பதாம் வரியில் டண்ணகரம் றன்னகரமாயிற்று. அதன்பின் அவன் மேல்வரியைப் பார்த்தே அடுத்த வரியை எழுதிச் சென்றமையால் எஞ்சிய வரிகள் யாவும் பிழையாயின. எட்டு முறை சரியாகவும், நாற்பத்திரண்டு முறை பிழையாகவும் அவன் பயின்றான்! பிழையைப் போக்க இட்ட பணி பிழையையே மனத்தில் ஊன்றிற்று. கண்ணால் கண்டதைக் கையால் படியெடுத்தல் இத்தகைய பிள்ளைக்குப் பயிற்சியாகாது. அவனுக்குத் தடை இருப்பது ஒலியையும் எழுத்தையும் பொருத்துமிடத்தில். நாம் அவ்விடத்தைத் தொடாமலே கையை மட்டும் வருத்துகின்றோம்.

எனின், தொடுவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் முன்னோர் எழுத்துகளுக்கு இட்ட பெயர்களிலேயே அது பொதிந்து கிடக்கின்றது என்பது எம் கருத்து. இக்காலத்தில் மூவகை நகரங்களையும் பிரித்துக் கூறவேண்டின் 'மூன்று சுழி', 'இரண்டு சுழி' என்கின்றோம். இவை வடிவம் பற்றிய பெயர்கள், கண்ணுக்கு உரியவை. சுழிகளை எண்ணிப் பார்த்து எழுதும் பிள்ளை, எத்தனை சுழி என்பதை மறந்தால் வேறு பற்றுக்கோடு இல்லாமல் நிற்கின்றான். பழைய ஆசிரியரோ டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்றனர். டகரத்தோடு வருவது டண்ணகரம். தகரத்தோடு வருவது தந்நகரம். றகரத்தோடு வருவது றன்னகரம். பெயரைச் சொல்லும்போதே விதியும் நாவில் வந்துவிடுகின்றது. கண்டான், வந்தான், தின்றான் என்னும் மூன்று சொற்களை ஒலித்துப் பார்த்து, 'அடுத்து வரும் எழுத்து யாது?' என்று வினவினால் போதும். முன்னுள்ள மெல்லெழுத்துத் தானே விளங்கும். ஒரு சொல்லினுள்ளே ககரத்திற்கு ஙகரமும், சகரத்திற்கு ஞகரமும், பகரத்திற்கு மகரமும் இவ்வாறே இனமாய் வருவன. இஃது ஐம்பது முறை எழுதி அடைவதன்று. ஒருமுறை உணர்ந்து, பலநாள் வழங்கிப் பழகுவது.

இவ்விதி எல்லா இடத்தும் துணை செய்யும் என யாம் கூறவில்லை. 'அன்பு' என்பதில் றன்னகரமும் 'நண்பு' என்பதில் டண்ணகரமும் வருதற்கு அடுத்து நிற்கும் பகரம் வழிகாட்டாது. அத்தகைய சொற்களை ஒவ்வொன்றாகவே கற்பித்தல் வேண்டும். ஆனால் விதியால் அடங்குவனவற்றை முதலில் விதியால் அடக்கிவிட்டால், நினைவிற் சுமக்க வேண்டியவை சிலவாகும். இடர்ப்படும் பிள்ளைக்குச் சுமையைக் குறைத்தலே முதல் உதவி.

மற்றொரு முட்டுப்பாடும் தமிழ்ப் பிள்ளைக்கு உண்டு. அவன் வீட்டிற் கேட்பது 'ஒண்ணு'; ஏட்டில் எழுத வேண்டுவது 'ஒன்று'. நாவிற் பழகியது 'வாளப்பளம்'. எழுத வேண்டுவது 'வாழைப்பழம்'. செவியை நம்பி எழுது என்று அவனிடம் கூறுவதற்கு முன், செவிக்குச் சரியான ஒலியை நாம் வழங்கினோமா என்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். நன்னூலார் எழுத்துகளின் பிறப்பை ஓதுமிடத்து, நா எவ்விடத்தை ஒற்றும், எவ்விடத்தை வருடும் என்பதனை எழுத்துதோறும் வகுத்துரைக்கின்றார். தேர்வுக்கு மனனம் செய்து மறந்துவிடும் அப்பகுதியே வீட்டில் எழுத்துக் கற்பிப்பார்க்கு உற்ற துணையாவது. பிள்ளையின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, லகரத்தில் நா பல்லின் அடியைச் சார்வதையும், ழகரத்தில் நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடுவதையும் அவனே கண்டறியச் செய்யலாம். ஒலி வேறுபட்டால்தான் எழுத்து வேறுபடும் காரணம் அவனுக்குப் புலப்படும். நாள்தோறும் சிறிது நேரம் ஒரு நல்ல நூலைத் திருத்தமாக அவனுக்குப் படித்துக் காட்டுவதும் இதன்பாற்படும். எழுத்துக் கைவராத காரணத்தால் அவன் அறிவு பட்டினி கிடத்தல் ஆகாது.

குறில் நெடில் மயக்கத்திற்கும் இலக்கண நூலிலேயே மருந்துண்டு. இயல்பாகக் கண் இமைக்கும் பொழுதும் கை நொடிக்கும் பொழுதும் ஒரு மாத்திரை என்று வகுத்தனர் முன்னோர். 'பட்டு' எனின் முதலெழுத்திற்கு ஒரு நொடி. 'பாட்டு' எனின் இரண்டு நொடி. பிள்ளை சொல்லைக் கூறிக்கொண்டே விரலை நொடித்துப் பார்த்துப் பின்னர் எழுதினால், கால் போடுவதா விடுவதா என்னும் ஐயம் விரலாலேயே தீர்கின்றது.

கொம்பு எழுத்துகள் வேறொரு தொல்லை. 'கெ' என்பதில் ஒலி ககரத்திற் பின்வருவது. குறியோ முன்னே நிற்பது. 'கொ' என்பதிலோ ஒரே உயிரொலியின் குறி இருகூறாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் நிற்கின்றது. ஒலி செல்லும் வரிசையில் எழுத முயலும் பிள்ளை கொம்பை இடம் மாற்றி இடுவதில் வியப்பில்லை. அட்டைகளை நறுக்கிக் கொம்பும் காலும் மெய்யும் தனித்தனியே எழுதி, கையால் எடுத்துப் பொருத்தச் செய்தால் இவ்வமைப்பு விளங்கும்.

இனி, எழுதும் கருவியைப் பற்றி ஒன்று கூறுவோம். திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலால் எழுதி, எழுதும்போதே எழுத்தை உரக்கக் கூறும் வழக்கம் இருந்தது. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் சிறுவரோடு சிறுவராய் அமர்ந்து மணலில் எழுதியே தமிழ் எழுத்துகளைக் கற்றார். சென்னை எழும்பூரில் படைவீரர் மக்களுக்கான ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார் அம்மணலெழுத்தை ஒரு நாட்டுப் பள்ளியிற் கண்டு வியந்து, தம் விடுதியில் அதனைப் புகுத்தி, 1797ஆம் ஆண்டு இலண்டனில் வெளியிட்ட நூலின் வாயிலாக ஆங்கில நாட்டிற்கும் அறிவித்தார். மேனாட்டில் மரியா மாண்டிசோரி அம்மையார் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிக் கற்கச் செய்தார். அவரே 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார். அமெரிக்க நாட்டில் சாமுவேல் ஆர்ட்டன் என்னும் நரம்பியல் மருத்துவரும், அவரோடு உழைத்த அன்னா கில்லிங்ஹாம் அம்மையாரும் எழுத்திடர் உடைய பிள்ளைகட்கென 1920களிலும் 1930களிலும் வகுத்த முறையின் உயிர்நிலையும் இதுவே: கண் காண, செவி கேட்க, வாய் ஒலிக்க, கை வரைய, நான்கும் ஒருங்கே தொழிற்படல் வேண்டும் என்பது. நாம் பழமை என்று ஒதுக்கிய மணற்பலகையை இன்று ஒரு தட்டில் பரப்பிய மணலாகவோ அரிசியாகவோ மீண்டும் வீட்டிற்குள் கொணர்தல் நாணத்தக்கதன்று. மணலில் எழுதிய பிழையை ஒரு கையசைவில் அழித்துவிடலாம். சிவப்பு மையிட்ட பிழையோ ஆண்டு முழுதும் ஏட்டில் நின்று பிள்ளையை நோக்குகின்றது.

எம் இல்லத்து வழக்கத்தைச் சுருக்கமாகக் கூறுவோம். மாலையில் இருபது நிமிடத்திற்கு மேல் இப்பயிற்சி நீளாது. தம்பி களைப்படையும் முன்னரே நிறுத்திவிடுவது அன்னையார் இட்ட விதி. ஒரு கிழமைக்கு ஓர் இணையெழுத்து மட்டுமே. ணகரம் நன்கு ஊன்றும் வரை றன்னகரத்தைத் தொடுவதில்லை, ஒத்த எழுத்துகளை ஒரே நாளிற் கற்பித்தால் மயக்கமே மிகும் என்பதால். முதலில் அவன் சொல்லைப் பிரித்துக் கூறுவான். பின்பு மணலில் எழுதுவான். அதன்பின் தாளில் ஐந்து சொற்கள். ஐந்தனுள் பிழை நேர்ந்தால் அதனை யாம் அடிப்பதில்லை. 'அடுத்த எழுத்து யாது?' என்று மட்டும் வினவுவோம். பெரும்பாலும் அவனே திருத்திக்கொள்வான். சின்னாட்களுக்கு முன் கடைத்தெருவில் ஒரு பலகையில் 'வன்டி வாடகைக்கு' என்றிருந்ததை மெல்லக் கூட்டிப் படித்தவன், "அக்கா, இங்கே டண்ணகரம் அல்லவா வரவேண்டும்?" என்றான். இன்னும் லகர ளகரங்களில் தடுமாறுகின்றான். விரைந்து எழுதுகையில் நெடில் குறிலாகின்றது. அவை நீங்கச் செல்லும் காலம் செல்லட்டும். ஏட்டைக் கண்டால் வயிற்றுவலி என்று படுத்தவன் இன்று ஏட்டோடு வந்து அமர்கின்றான்; இதனையே யாம் பெரும்பேறாகக் கருதுகின்றோம்.

'இவ்வாறு இரக்கம் காட்டினால் தமிழின் செம்மை என்னாவது?' என்று கேட்பார் உளர். அவர்க்கு எம் விடை இது. செம்மை வேண்டாம் என யாம் கூறவில்லை. செம்மைக்குச் செல்லும் வழி அச்சமன்று என்றே கூறுகின்றோம். அன்றியும், எழுத்து வடிவம் என்றும் மாறாததொன்றன்று. பண்டை ஏடுகளில் மெய்யெழுத்திற்குப் புள்ளியிடாது எழுதினர். எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் தோன்றா. காலும் ரகரமும் ஒன்றுபோலிருக்கும். பொருளை நோக்கியே பெரும்புலவரும் அவற்றைப் படித்தனர். வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு குறி அமைத்து அவ்விடரைக் களைந்தார் என்பர். 1978ஆம் ஆண்டு தமிழக அரசின் ஆணையால் ணை, லை முதலியவற்றின் பழைய வடிவங்கள் நீங்கிப் பொதுவடிவம் வந்தது. கற்பார்க்கும் அச்சிடுவார்க்கும் எளிமை கருதி எழுத்தே வளைந்து கொடுத்திருக்க, அவ்வெழுத்தைக் கற்பிக்கும் நாம் சிறிதும் வளையமாட்டோம் என்பது முறையாகுமோ?

'கற்பிப்பது பள்ளியின் கடமை; வீட்டார் ஏன் தலையிட வேண்டும்?' என்பாரும் உளர். நாற்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பில் ஒருவனுக்கென ஒரு கிழமை முழுதும் ஓர் எழுத்தைக் கற்பிக்க ஆசிரியர்க்கு ஓய்வேது? வீட்டிற்கு அது கைகூடும். ஆயின் வீடே எல்லாம் செய்துவிடும் என்பதும் தவறு. பிள்ளைக்கு இவ்விடர் உண்டா என்பதனைத் தேர்ந்தவரிடம் காட்டி அறிதல் முதற்கடன். 1991இல் தொடங்கப்பெற்ற சென்னை டிஸ்லெக்ஸியா சங்கம் போன்ற அமைப்புகள் இத்துறையில் உழைத்து வருகின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய கற்றல் இடர்ப்பாட்டையும் தன் பட்டியலிற் சேர்த்துள்ளது. தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகளை உரியவர் கேட்டுப் பெறலாம். இவற்றைக் கேட்பதனை இழிவெனக் கருதி மறைக்கும் பெற்றோர், தம் மானத்தைக் காத்துப் பிள்ளையின் மானத்தைக் கைவிடுகின்றனர்.

கைப்பேசியே பேச்சைக் கேட்டு எழுதித் தரும் இக்காலத்தில் எழுத்துக் கற்பது எதற்கு என்னும் வினாவும் எழலாம். கட்டுரையும் கடிதமும் எழுதுதற்கு அக்கருவியை இப்பிள்ளைகள் தாராளமாகப் பயன்படுத்தட்டும். எண்ணம் எழுத்துக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. ஆனால் கருவி பிழைபட எழுதியதைப் பிழையென அறிதற்கேனும் எழுத்தறிவு வேண்டும். தன் பெயரையும் தன் ஊரையும் தன் கருத்தையும் பிறர் உதவியின்றித் தானே எழுத வல்லன் என்னும் உறுதி ஒருவனுக்குத் தரும் நிமிர்வு சிறிதன்று.

நம் கல்லூரியினின்று ஆசிரியப் பணிக்குச் செல்வார் பலர். பெற்றோராய் விளங்கும் பழைய மாணவரும் பலர். அன்னார்க்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் இரண்டே. விடைத்தாளைத் திருத்துங்கால் பிள்ளை அறிந்த பொருளுக்குத் தனியே மதிப்பிடுக. எழுத்துப் பிழையைத் தனியே குறித்திடுக. பொருளுக்குரிய மதிப்பெண்ணை எழுத்துக்காகப் பறித்தல் நேர்மையன்று. மற்றொன்று, ஐம்பது முறை எழுதுவிக்கும் வழக்கத்தை அடியோடு நீக்கி, அப்பொழுதிற் பாதியைப் பிள்ளையின் அருகில் அமர்ந்து ஒலியும் எழுத்தும் பொருந்துமாறு காட்டுதற்குச் செலவிடுக. இவ்விரண்டிற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு தட்டு மணலும், நாள்தோறும் இருபது நிமிடமும், சினவாத நெஞ்சும் போதும்.